நீண்டகால வருத்தம், தளரும் தசை, டெஸ்டோஸ்டெரோன் ஊசி: திருகோணமலை ஆண்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

நான் இயன்மருத்துவர். சீனி, இருதயம், சுவாசம், சிறுநீரகம் என்று ஏதோ ஒரு வருத்தத்தோடு பல வருடமாக வாழும் ஆண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் வேலை. டவுனிலிருந்தும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலிருந்தும் வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன் ஊசியைப் பற்றித்தான். மருந்து எழுதுவது மருத்துவரின் பொறுப்பு. அதற்கு முன்னும் பின்னும் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வருத்தம் நெஞ்சில். கை காலில் ஏன் சதை கரையுது?

நெஞ்சில் இருக்கும் வருத்தம் நெஞ்சோடு நிற்பதில்லை. நாள்பட்ட எந்த நோயும் உடம்பில் ஒரு மெல்லிய அழற்சியை ஓயாமல் வைத்திருக்கும். அது தசைப் புரதத்தை உடைக்கும். சாப்பாடு குறையும். மூச்சு வாங்குகிறதே என்று ஆள் நடப்பதைக் குறைப்பார். நடக்காத காலில் சதை இன்னும் கரையும். இழுப்பு கூடும்போது கொடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை உயிரைக் காக்கிற மருந்து. ஆனால் அதை மாதக்கணக்கில் எடுத்தால் தொடைத் தசை மெலியும்.

இவற்றோடு டெஸ்டோஸ்டெரோனும் குறையலாம். விதைகள் இந்த ஓமோனைச் சுரக்க, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்ப வேண்டும். நீண்டகால நோயிலும், உடற்பருமனிலும், மோர்பின் வகை வலி மருந்துகளாலும், பிரெட்னிசொலோனாலும் அந்தக் கட்டளை தளர்ந்துபோகும். டெஸ்டோஸ்டெரோன் தசை நாருக்குள் புதுப் புரதம் கட்டப்படுவதைக் கூட்டுகிறது, நாரைத் தடிப்பாக்குகிறது. அது குறைந்தால் தசையும் குறையும்.

ரிப்போர்ட்டில 280 எண்டு வந்திருக்கு. எனக்குக் குறைவுதானே?

இந்த ஒரு தாளை வைத்து முடிவெடுக்க முடியாது. டெஸ்டோஸ்டெரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், வேறு வேறு இரண்டு நாட்களில் எடுத்த இரத்தம் இரண்டிலும் குறைவாக இருக்க வேண்டும். அதோடு அறிகுறிகளும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது குறைபாடு. பெரிய ஆய்வுகள் பலவற்றில் எடுத்துக்கொண்ட எல்லை டெசிலீற்றருக்கு 300 நனோகிராம். 2018இல் வந்த அமெரிக்க ஓமோன் நிபுணர்களின் வழிகாட்டி, சுகதேகியான இளைஞர்களில் இயல்பின் கீழ் எல்லை 264 என்கிறது. உங்கள் 280 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்னொரு காலை எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. சில ஆய்வுகூடங்கள் 10, 12 என்று சிறிய எண் தருவார்கள். அது நனோமோல் கணக்கு. அதை 28.8ஆல் பெருக்கினால் மற்றக் கணக்கு வரும்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. இராத் தொழிலுக்குக் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவர், அப்படியே வந்து இரத்தம் கொடுத்தால் எண் பிழையாகக் காட்டலாம். இந்த ஓமோன் நித்திரையோடு சேர்ந்து ஏறுவது. தொழிலுக்குப் போகாத இரண்டு மூன்று இரவு ஒழுங்காக நித்திரை கொண்டபின் கொடுங்கள். இல்லாவிட்டால் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பி நித்திரை கலைகிற நாட்களிலும், அவசரமில்லை என்றால், இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவது நல்லது. காய்ச்சலோடு வார்ட்டில் கிடக்கும்போது எடுக்கவே வேண்டாம். கடும் நோயில் யாருக்கும் இது விழும், சுகமானதும் தானாக எழும்பும்.

மொத்த அளவு எல்லையில் நின்றால் கட்டற்ற டெஸ்டோஸ்டெரோனையும், அதாவது புரதத்தில் ஒட்டாமல் தனியாக ஓடும் பகுதியையும், கணக்கிடச் சொல்வார்கள். இந்த ஓமோனில் பெரும்பகுதி இரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. பருமனிலும் சீனி வருத்தத்திலும் அந்தப் புரதம் குறையும்; ஈரல் நோயிலும் முதுமையிலும் கூடும். அதனால் மொத்த எண் ஆளை ஏமாற்றலாம்.

பாம்பு கடிச்சதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்கா?

இருக்கலாம். வயல் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் இதைத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடி விரியனின் விஷம் சிலருக்குப் பிட்யூட்டரி சுரப்பியைச் சேதப்படுத்தும். மியன்மார், தென்னிந்தியா, இலங்கை எல்லாவற்றிலும் பதிவான விஷயம் இது. கடி ஆறி, வருடங்கள் போய், ஆள் மெல்ல மெல்லக் களைத்து, தாடி மீசை குறைந்து, பலமிழந்து வருவார். கந்தளாய், சேருவில பக்க வயல்காரர் ஒருவர் இப்படி வந்தால் பழைய பாம்புக்கடியை நான் கட்டாயம் கேட்பேன். இவருக்கு டெஸ்டோஸ்டெரோன் மட்டுமல்ல, அதே பிட்யூட்டரியின் கட்டளையில் சுரக்கும் கோர்ட்டிசோல், தைரொக்ஸின் என்ற ஓமோன்களும் குறைந்திருக்கலாம். அவற்றை, முக்கியமாகக் கோர்ட்டிசோலை, முதலில் சரிசெய்யாவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலே உயிராபத்தாகும்.

ஊசி போட்டால் பலம் வருமா, இல்லையா?

உண்மையான குறைபாடு உள்ளவருக்குத் தசை வரும். பலம் ஓரளவு வரும். நடை திரும்புமா என்பது வேறு கேள்வி. இந்த மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வீட்டில் ஏமாற்றம் வருகிறது.

அமெரிக்காவில் நுரையீரல் அடைப்பு நோயுள்ள, டெஸ்டோஸ்டெரோன் குறைந்த 47 ஆண்களை 10 வாரம் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. வாராவாரம் 100 மில்லிகிராம் ஊசி. ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கால் பலம் சுமார் 17 வீதம் கூடியது. ஊசி இல்லாமல் பாரப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் அதே 17 வீதம். இரண்டும் சேர்த்தவர்களுக்கு கிட்டத்தட்ட 27 வீதம். ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பில்லா உடல் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. ஊசி செய்ததைப் பயிற்சி தனியாகவே செய்து காட்டியது. எந்த மருத்துவரிடமும் எடுத்துக்காட்டிக் கேட்கத் தகுந்த ஆய்வு இது.

எச்.ஐ.வி.யால் மெலிந்த, இந்த ஓமோன் குறைந்த 61 ஆண்களில் செய்து 2000ஆம் ஆண்டு வந்த ஆய்விலும் ஊசி தனியாகவும் பயிற்சி தனியாகவும் தசையைக் கூட்டின. அங்கே இரண்டையும் சேர்த்ததால் மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. இப்படி மெலிந்த நோயாளிக்குக் குறுகிய காலம் கொடுக்கலாம் என்று வழிகாட்டிகள் ஒத்துக்கொள்கின்றன.

இனி நடை. 65 வயதுக்கு மேற்பட்ட 790 ஆண்களை ஒரு வருடம் பார்த்த தொடர் ஆய்வுகளின் முடிவுகள் 2016இலும் 2017இலும் வந்தன. பாலியல் நாட்டம் கூடியது, இரத்தசோகை உள்ளவர்களுக்கு இரத்தம் ஏறியது. ஆனால் நடை தளர்ந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது ஆறு நிமிட நடையில் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. தசை நார் தடித்தது உண்மை. அந்தத் தசையை நடைக்குப் பழக்குவது நரம்பும், மூச்சும், இருதயமும், மூட்டும் சேர்ந்து செய்யும் வேலை.

இதை என் அறையிலேயே காணலாம். ஊசி தொடங்கிய ஒருவர் கையை முறுக்கி, "பாருங்கோ, சதை வைச்சிட்டுது" என்பார். சந்தோசமாகத்தான் இருக்கும். கதிரையிலிருந்து எழும்பச் சொல்வேன். முன்பு போலவே இரண்டு உள்ளங்கையையும் கைப்பிடியில் ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து, முழங்காலைத் தள்ளித்தான் எழும்புவார். அந்தக் கை ஊன்றல் போகும்வரை பலம் வந்துவிட்டது என்று நான் எழுதுவதில்லை.

இருதய வருத்தக்காரர் போடலாமா?

இந்தக் கேள்விக்கு இப்போது முன்னையதைவிடத் தெளிவான பதில் இருக்கிறது. 2010இல் நடமாட்டம் குறைந்த முதியவர்கள் 209 பேரில் நடந்த ஆய்வை இடைநடுவில் நிறுத்தினார்கள். ஓமோன் ஜெல் பூசியவர்களில் 23 பேருக்கு இருதயம், இரத்தக் குழாய் சார்ந்த பிரச்சினை வந்தது. ஓமோன் இல்லாத ஜெல் பூசிய மற்றப் பக்கத்தில் 5 பேருக்குத்தான். அந்த ஆய்விலும் கால் பலம் கூடியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு, இருதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2023இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓமோன் பக்கம் 7.0 வீதம், மற்றப் பக்கம் 7.3 வீதம். பெரிய பயம் அங்கே நீங்கியது. ஆனால் ஏட்ரியல் பிப்ரிலேசன் என்ற இருதயத் துடிப்பு ஒழுங்கீனம் ஓமோன் பக்கம் 3.5 வீதம், மற்றப் பக்கம் 2.4. நுரையீரலில் இரத்தக் கட்டியும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டன.

ஆகவே, கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், இருதயச் செயலிழப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவர், இரத்தம் கட்டிப்படும் தன்மை உள்ளவர் ஆகியோருக்கு இது கூடாது. அப்படியில்லாத இருதய நோயாளிக்கு, குறைபாடு உறுதியானால், இருதய மருத்துவரையும் கேட்டுக்கொண்டு தொடங்கலாம்.

வாப்பா டயலிசிஸ் செய்யிறார், எலும்பும் தோலுமா வந்துட்டார். இந்த ஊசி உதவுமா?

சிறுநீரக நோயில் டெஸ்டோஸ்டெரோன் குறைவது மிகச் சாதாரணம். பதவிசிறிபுர பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோயால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் தவிக்கின்றன என்று நமக்குத் தெரியும், அதனால் இந்தக் கேள்வியின் பாரமும் எனக்குத் தெரியும். டயலிசிஸ் நோயாளிகளுக்கு நன்ட்ரோலோன் என்ற ஒரு உறவு ஓமோனை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து, தசை எடை கூடியதாக 1999இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. இரத்தம் ஊறச்செய்யும் எரித்ரோபொயட்டின் ஊசி வருவதற்கு முன் இரத்தசோகைக்கே இந்த வகை ஓமோன்களைக் கொடுத்தார்கள்.

ஆனாலும் வாப்பாவுக்கு நான் முதலில் கேட்கப்போவது வேறு. டயலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா? சாப்பாட்டில் புரதம் இருக்கிறதா? டயலிசிஸ் தொடங்குமுன் சிறுநீரகத்தைக் காக்கப் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். டயலிசிஸ் தொடங்கியபின் நிலைமை மாறுகிறது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. பல வீடுகளில் பழைய கட்டுப்பாட்டையே தொடர்ந்து பிடித்து, மீனையும் முட்டையையும் ஒளித்து வைக்கிறார்கள். இந்த ஒன்றை மருத்துவரிடம் கேட்டுத் திருத்தினாலே சிலர் தேறி வருவார்கள். ஓமோன் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைக்கும் என்பதால், கொடுப்பதென்றால் சிறுநீரக நிபுணரின் கண்ணுக்குக் கீழேதான். பயிற்சியின்போது டயலிசிஸுக்கு ஊசி ஏற்றும் கையில் பாரம் தூக்கவிடாதீர்கள்.

சீனி குறையும் என்று சொல்கிறார்களே?

நாள்பட்ட சீனி வருத்தத்துக்கு மருந்தாக இதை எடுக்கக் கூடாது. அவுஸ்திரேலியாவில் 1,007 பேரில் நடந்து 2021இல் வந்த ஆய்வைத்தான் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். அவர்கள் 50 முதல் 74 வயது, பருத்த இடுப்பு, சீனி வருத்தத்தின் வாசலில் நின்றவர்கள் அல்லது அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டமும் இருந்தது. இரண்டு வருட முடிவில் ஓமோன் பக்கம் 12 வீதமானோருக்கும் மற்றப் பக்கம் 21 வீதமானோருக்கும் சீனி வருத்தம் இருந்தது. நல்ல செய்திதான். அதே ஆய்வில் ஓமோன் எடுத்தவர்களில் 22 வீதமானோருக்கு இரத்தம் அளவுக்கு மீறித் தடித்தது, மற்றவர்களில் 1 வீதம். பருமன் உள்ளவர் எடையைக் குறைத்தால் டெஸ்டோஸ்டெரோன் தானாகவும் ஏறும்.

எனக்கு 34 வயசு, இன்னும் பிள்ளையில்லை. போடலாமா?

வேண்டாம். இதில் நான் தயங்காமல் சொல்வேன். வெளியிலிருந்து ஓமோன் வந்தால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அடங்கிவிடும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இந்த ஊசியைச் சோதித்திருக்கிறார்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்கு வருடத்துக்கு மேல் எடுக்கும். பிள்ளை வேண்டும் என்பதை முதல் வசனமாக மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கேற்ற வேறு மருந்துகள் உண்டு.

ஜிம்மில் பழக்கமான ஒருவர் தரும் ஊசியும் இப்படித்தான் செய்யும். 1996இல் வாரம் 600 மில்லிகிராம் போட்டு நடந்த ஆய்வில் பயிற்சி இல்லாமலே தசை வளர்ந்தது என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். அது சுகதேகிகளில், மருத்துவக் கண்காணிப்பில், 10 வாரம் மட்டும் நடந்தது. சிகிச்சைக்குக் கொடுக்கும் அளவின் பல மடங்கு அது.

புரொஸ்டேட் புற்றுநோய் வருமா?

இந்தச் சிகிச்சை புதிதாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று காட்டப்படவில்லை. இருக்கிற புற்றுநோயை வளர்க்கக்கூடும் என்பதால், தொடங்குமுன் பி.எஸ்.ஏ. என்ற புரொஸ்டேட் இரத்தச் சோதனை செய்து பார்ப்பார்கள். பி.எஸ்.ஏ. 4க்கு மேலே என்றாலோ, சிறுநீர் கழிக்க மிகவும் சிரமம் என்றாலோ, முதலில் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணரைக் காண வேண்டும்.

எலும்புக்கு நல்லதுதானே?

எலும்பின் அடர்த்தி கூடுகிறது. ஆனால் மேலே சொன்ன 2023 ஆய்வில் பங்கேற்றவர்களில் எலும்பு முறிவு ஓமோன் பக்கமே கூடுதலாக இருந்ததாக 2024இல் வந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு.

எந்த வகை ஊசி நல்லது?

மூன்று நாலு எஸ்டர் (டெஸ்டோஸ்டெரோனின் வெவ்வேறு வடிவங்கள்) கலந்த 250 மில்லிகிராம் ஊசியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். போட்ட முதல் நாட்களில் உற்சாகம் ஏறும், அடுத்த ஊசிக்கு முன் ஆள் சோர்ந்துவிடுவார். அன்டெக்கனோவேற் என்ற நீண்டகால ஊசி 1000 மில்லிகிராம், 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை. ஏற்ற இறக்கம் குறைவு. தோலில் பூசும் ஜெல்லும் உண்டு. அதைப் பூசிய தோளில் குழந்தையைத் தூக்கிப் போடக் கூடாது, ஓமோன் பிள்ளைக்கு ஒட்டும். சில கலவை ஊசிகளில் கச்சான் எண்ணெய் இருக்கிறது. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அப்ப வீட்டில என்ன பயிற்சி செய்யலாம்?

கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றைச் சுவரோடு வையுங்கள். கைகளை நெஞ்சில் கட்டி, ஐந்து தரம் எழும்பி இருக்க எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ என்றால் தசை செயற்பாடு குறைவு என்று ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறை சொல்கிறது. இந்த எண்ணை எழுதி வையுங்கள், மாதாமாதம் பாருங்கள். இரத்த அறிக்கையைவிட இது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பயிற்சியும் அதுவேதான். எட்டு தொடக்கம் பன்னிரண்டு தரம் எழும்பி இருங்கள், சற்று ஆறுங்கள், திரும்பச் செய்யுங்கள். கிழமைக்கு மூன்று நாள். லேசாகிவிட்டால் இரண்டு கையிலும் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் பிடியுங்கள். மேசையைப் பிடித்துக் குதிக்காலில் உயர்வது, வாசல் படியில் ஏறி இறங்குவது அடுத்தது. நுரையீரல் வருத்தக்காரர் எழும்பும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட வேண்டும். இன்சுலின் போடுகிறவர் பயிற்சிக்கு முன் சீனியைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் டச் பே மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மத்தியான மணல் சுட்டதே தெரியாமல் பாதத்தில் கொப்புளத்தோடு வருகிறார்கள். கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் எத்தனை தரம் நின்று மூச்சு வாங்கினேன் என்று கணக்கு வைக்கிறவர்களும் உண்டு. அது நல்ல அளவுகோல்தான்.

சாப்பாடு?

காலையில் புட்டும் சம்பலும், இரவில் இடியப்பமும் சொதியும் என்றால் அந்த நாளில் புரதம் பகல் மீனில் மட்டும்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிற நோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். சூடையும் சாளையும் போதும், விலை கூடிய மீன் தேவையில்லை. காலைப் புட்டோடு அவித்த முட்டையோ பயறோ கடலையோ சேருங்கள்.

தொடங்கியபின் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது நிறுத்துவது?

தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் டெஸ்டோஸ்டெரோன், பி.எஸ்.ஏ., இரத்தத் தடிப்பைக் காட்டும் ஹெமற்றோக்கிரிற் மூன்றையும் பார்ப்பார்கள். ஹெமற்றோக்கிரிற் 54 வீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, இரத்தம் இறங்கியபின் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பெரிய குறட்டை, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது ஆகியவற்றை மனைவிதான் கவனித்துச் சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு என்று வந்தால் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வருத்தத்தால் கட்டளை தளர்ந்து குறைந்தவருக்கு ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டு, இரத்த அளவும் சரியாகி, கதிரைச் சோதனையிலும் நடையிலும் மாற்றம் இல்லையென்றால், தொடர்வதற்குக் காரணம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் நேரே கேளுங்கள். பிட்யூட்டரியோ விதையோ பழுதானவர்களின் நிலை வேறு, அவர்களுக்கு இது ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம். தாமாகவே நிறுத்த வேண்டாம். உடம்பின் சொந்தச் சுரப்பு விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகும், அந்த இடைவெளியில் களைப்பும் மனச்சோர்வும் வரும். ஒவ்வொரு ஊசியின் பெயர், அளவு, திகதி மூன்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே முதலில் கேட்கப்படுவது அதுதான்.